தகரத்தின் மேல் வைத்த கல்

வாடை தொடங்க முன்னம் தகரத்துக்கு மேல் கல் ஏற்றுவது எங்கள் பக்கத்தில் ஐப்பசி மாத வேலை. கல் என்றால் கல் மட்டுமல்ல. பழைய ரயர், பனங்குற்றி, மண் நிரப்பிய உரப்பை, எது கைக்கு அகப்படுகிறதோ அது. 2011 இல் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து தற்காலிகக் கொட்டிலில் இருந்தபோது, அம்மா முதல் மழைக்கு முன்னமே என்னை ஏணியில் ஏற்றிவிட்டு, எந்த மூலையில் எத்தனை கல் என்று கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். முகட்டடியில் குறைவு. ஓரத்தில் அதிகம். கடல் பக்கத்து மூலையில் எல்லாவற்றிலும் பெரியது. பேராதனையில் பொறியியல் படித்துவிட்டு வந்தவன் நான். காற்று கூரையின் ஓரத்திலும் மூலையிலும்தான் அதிகமாக உறிஞ்சும் என்று விதிநூல் அட்டவணையில் பார்த்திருக்கிறேன். அம்மா அந்த அட்டவணையைக் கல்லால் எழுதிக்கொண்டிருந்தார்.

கூரையைக் காற்று கீழே அமத்தாது, மேலேதான் கொண்டுபோகும் என்பது இந்தக் கரையில் ஒருவருக்கும் படிப்பிக்க வேண்டிய விஷயமில்லை. கணினிக்குத்தான் படிப்பிக்க வேண்டியிருக்கிறது. கூரை வளைந்திருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகப் படிப்பிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடமாக நான் செய்துவரும் வேலையில் பெரும் பகுதி இதுதான்.

போருக்குப் பிறகு வன்னியில் எழுந்த சந்தைகள், பல்நோக்கு மண்டபங்கள், பாடசாலை மண்டபங்கள், நெல் களஞ்சியங்கள் பலவற்றில் வில்லுக் கூரையை விரும்பினார்கள். பார்க்க அழகு, நடுவில் தூண் இல்லை, வளைத்த தகரத்தில் மழைநீர் தங்காது. நான் முதன்முதல் பொறுப்பெடுத்த வில்லுக் கூரையும் அப்படியொரு மண்டபம்தான். கடலிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே, நாலு பக்கமும் வெளி. அகலம் 20 மீற்றர், நீளம் 35 மீற்றர், வில்லின் ஏற்றம் 4 மீற்றர். ஐந்து மீற்றருக்கு ஒன்றாக எட்டு இரும்புச் சட்டங்கள். இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க வரும்.

இலங்கையில் காற்றுக்குக் கட்டடம் வடிவமைக்கும் முறையே ஒரு சூறாவளியின் பிள்ளை. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பை அடித்த சூறாவளிக்குப் பிறகுதான், 1980 இல், பலத்த காற்றுக்குக் கட்டடங்களை வடிவமைப்பதற்கான கைநூலை அமைச்சு வெளியிட்டது. தீவை மூன்று வலயமாகப் பிரித்தார்கள். கிழக்குக் கரையோரம் முதலாம் வலயம். அங்கே சாதாரணக் கட்டடத்துக்குச் செக்கனுக்கு 49 மீற்றர், வைத்தியசாலை போல அனர்த்தத்தின் பிறகும் நிற்க வேண்டியவற்றுக்கு 54. இரண்டாம் வலயத்தில் 43 உம் 47 உம், மூன்றாம் வலயத்தில் 33 உம் 38 உம். எங்கள் கரை முதலாம் வலயம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அங்கே போகமுன் வன்னியைக் குறுக்கறுத்துத்தான் போனது. அதைக் கண்ட பெரியவர்கள் நான் சிறுவனாக இருந்தபோது இருந்தார்கள்.

49 ஐ அழுத்தமாக்குவது எளிது. வேகத்தை வர்க்கித்து 0.613 ஆல் பெருக்கினால் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1470 நியூட்டன், அதாவது 1.47 கிலோ நியூட்டன். ஒரு சதுர மீற்றரில் 150 கிலோ. தகரம், அதைத் தாங்கும் பேர்லின், இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்து என் மண்டபத்துக் கூரையின் எடை சதுர மீற்றருக்கு 25 கிலோ வந்தது. ஆறில் ஒன்று. கல் வைக்க வேண்டிய தேவை இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

இனிக் கணினிக்கு வருவோம்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு இரண்டு சொற்கள் நினைவிருக்கும். நிலத்தை நோக்கி நேரே இறங்குவது நிலைக்குத்து. ஒரு தளத்துக்குத் தொண்ணூறு பாகையில் நிற்பது செங்குத்து. பேச்சில் இரண்டுக்கும் செங்குத்து என்றே சொல்லிவிடுவோம். தட்டையான கொங்கிறீற் தட்டில் அதனால் நட்டமில்லை, இரண்டும் ஒரே திசை. வில்லுக் கூரையில் முகட்டில் மாத்திரம்தான் இரண்டும் ஒன்று. என் மண்டபத்தின் விளிம்பில் இரண்டுக்கும் இடையில் 43 பாகைக்கு மேல் வித்தியாசம். எடை நிலைக்குத்து, காற்று செங்குத்து. சாப் 2000 ஆனாலும் ஸ்டாட் புரோ ஆனாலும் ரொபோட் ஆனாலும், சுமை கொடுக்கும்போது திசை எது என்று ஒரு பெட்டி கேட்கும். பலர் பார்க்காமலே தாண்டிப் போகிற பெட்டி அது.

திசை மட்டும் போதாது, பரப்பும் சொல்ல வேண்டும். 20 மீற்றர் அகலமும் 4 மீற்றர் ஏற்றமும் உள்ள வில்லின் ஆரை 14.5 மீற்றர். வில்லின் நீளம் 22.07 மீற்றர். தகரம் 22 மீற்றருக்கு வாங்க வேண்டும், ஆனால் உச்சி வெயிலில் கூரையின் நிழல் நிலத்தில் 20 மீற்றர்தான் விழும். தகரத்தின் எடை வில்லு நீளத்துக்குக் கணக்கு. கூரையில் ஏறித் திருத்த வேலை செய்பவர்களுக்காக எடுக்கும் சுமை நிழலுக்குக் கணக்கு, விதிநூல் அதைக் கிடைப் பரப்பில்தான் தருகிறது. இரண்டுக்கும் பத்துச் சதவீத வித்தியாசம். பத்துச் சதவீதத்தால் கூரை விழாது என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் விழாதுதான். ஆனால் எந்தப் பரப்பில் ஏற்றினோம் என்று தெரியாதவருக்கு எந்தத் திசையில் ஏற்றினோம் என்பதும் தெரிந்திருக்காது என்பது என் அனுபவம்.

காற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது செங்குத்தாகத் தள்ளுவதால், வில்லின் மேல் ஒரே அளவில் படும் அழுத்தத்தின் நிலைக்குத்துக் கூட்டுத்தொகை நிழல் பரப்பால் பெருக்கியதற்கே சமன். சரிவில் பரப்பு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்கு நிலைக்குத்துக் கூறு குறைந்துவிடும். இது சின்னக் கேத்திரகணிதம். ஆனால் என்னை ஒரு பெரிய பிழையிலிருந்து காப்பாற்றியது இதுதான்.

அந்த மண்டபத்தின் மாதிரியைக் கணினியில் கட்டியது என்னுடன் வேலை செய்த ஒரு பிள்ளை. கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் படித்து வந்தவர், கெட்டிக்காரி, வேகமானவர். பாதி வில்லை வரைந்து, துண்டு துண்டாகப் பலகங்களை அடுக்கி, மற்றப் பாதியைக் கண்ணாடிப் பிரதி எடுத்து ஒட்டியிருந்தார். திரையில் பார்க்க ஒரு குறையும் இல்லை. காற்றுச் சுமையைச் செங்குத்தாக, பலகத்துக்கு வெளியே உறிஞ்சும்படி கொடுத்திருந்தார். கணினி ஓடி முடித்தது. எச்சரிக்கை ஒன்றுமில்லை. தூண்கள் எல்லாம் பச்சை.

நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உண்மையான சுமைகளைப் பார்க்கமுன், எல்லாப் பலகத்திலும் சதுர மீற்றருக்கு ஒரு கிலோ நியூட்டன், வெளிநோக்கிச் செங்குத்தாக, தனி ஒரு சுமையாகப் போட்டு ஓடச் சொல்வேன். விடை எனக்கு முன்னமே தெரியும். 20 ஐ 35 ஆல் பெருக்க 700. தூண் அடிகளில் வரும் மறுதாக்கங்களைக் கூட்டினால் நிலைக்குத்தாக 700 கிலோ நியூட்டன் வர வேண்டும், கிடையாக ஒன்றும் வரக்கூடாது. யாராவது செங்குத்துக்குப் பதில் நிலைக்குத்து என்று சரிவுப் பரப்பில் கொடுத்திருந்தால் 772 வரும். அந்த எண்ணைக் கண்டவுடனேயே பிழை எது என்று சொல்லிவிடலாம்.

அன்றைக்கு வந்தது 700 உம் இல்லை, 772 உம் இல்லை. நிலைக்குத்தாகப் பூச்சியம். கிடையாக 280.

"சேர், இது மென்பொருளின்ர பிழையோ?" என்று கேட்டார் அவர்.

"பொறும் பிள்ளை, 280 எங்கயிருந்து வருது எண்டு முதல்ல பாப்பம்" என்றேன்.

ஒரு தாளில் வில்லைக் கீறினோம். ஏற்றம் 4, நீளம் 35, பெருக்க 140. இரண்டு மடங்கு 280. அப்படியென்றால் வில்லின் இரண்டு பாதியும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. இடது பாதி மேலேயும் இடப்பக்கமும் இழுக்கிறது, அது சரி. வலது பாதி மேலேயும் வலப்பக்கமும் இழுக்க வேண்டும். அது கீழேயும் இடப்பக்கமும் தள்ளுகிறது. அதனால்தான் மேலே போனதும் கீழே வந்ததும் வெட்டுப்பட்டு, பக்கத் தள்ளல் மட்டும் இரட்டித்து நிற்கிறது.

பலகத்தின் வெளிப்பக்கம் எது என்று கணினிக்குக் கண்ணால் தெரியாது. மூலைகளை எந்த வரிசையில் தொட்டு வரைந்தோமோ அதை வைத்துத்தான் அது முடிவெடுக்கும். மணிக்கூட்டுக்கு எதிர்த்திசையில் சுற்றி வந்தால் ஒரு முகம் மேல், மணிக்கூட்டுத் திசையில் வந்தால் மற்ற முகம் மேல். கண்ணாடியில் பார்த்தால் மணிக்கூடு மற்றப் பக்கம் சுற்றும் அல்லவா, பிரதி எடுத்த பாதியில் அதேதான் நடந்திருக்கிறது. அந்தப் பாதியில் உறிஞ்சல் என்று கொடுத்ததெல்லாம் அமத்தலாக மாறிவிட்டது. ஒவ்வொரு பலகத்தின் அச்சையும் அம்புக்குறியாகக் காட்டச் சொல்லித் திரையில் பார்த்தபோது, இடது பாதியில் அம்புகள் முள்ளம்பன்றி முள்ளைப்போல வெளியே நின்றன. வலது பாதியில் எல்லாம் மண்டபத்துக்குள்ளே குத்திக்கொண்டு நின்றன.

திருத்துவதற்கு ஐந்து நிமிடம். பலகங்களைத் தெரிந்து முகத்தைத் திருப்பு என்று ஒரு கட்டளை. திரும்ப ஓடவிட்டோம். 700.

அந்தப் பிழை திருத்தப்படாமல் போயிருந்தால் எங்கே போய் முடிந்திருக்கும் என்பதை அன்று பின்னேரம் இருவரும் இருந்து கணக்குப் பார்த்தோம். அமெரிக்க விதிநூலான ஏஎஸ்சிஇ 7 வில்லுக் கூரையை மூன்றாகப் பிரிக்கிறது: காற்று வந்து முட்டும் கால்பங்கு, நடுவில் அரைப்பங்கு, மறைவுப் பக்கத்துக் கால்பங்கு. யூரோகோட்டும் இப்படித்தான் பிரிக்கிறது. எங்களுடைய ஏற்ற விகிதம் 0.2. அதற்கு நடுப்பங்கின் குணகம் சய 0.9, மறைவுப் பங்குக்குச் சய 0.5. முட்டும் பங்குக்கு இந்த விகிதத்தில் இரண்டு பெறுமானம் பார்க்க வேண்டும், பூச்சியம் ஒன்று, சய 0.9 மற்றது. மூன்று பங்கிலும் ஒன்றுகூட அமத்தலில்லை. உள்ளே இருந்து தள்ளும் காற்றுக்கு 0.2 சேர்த்தோம். உள்ளே நிற்கும் ஒரு சட்டத்தை மேலே இழுக்கும் விசை 148 கிலோ நியூட்டன் வந்தது. அந்தச் சட்டம் தாங்கும் கூரையின் எடை 28. மிச்சம் 120, அதாவது பன்னிரண்டு தொன், மேல்நோக்கி. ஒரு காலுக்கு ஆறு தொன்.

முகம் மாறிய கணக்கில் மறைவுப் பக்கக் கால் கீழே அமத்தப்படுவதாக இருந்தது. அந்தக் காலில் இழுவையே இல்லை. இழுவை இல்லாத காலுக்குச் சின்னதாக நாலு போல்ற் போதும் என்று வடிவமைப்பு சொல்லியிருக்கும், பெயருக்கு ஒரு அத்திவாரம் போதும் என்றும் சொல்லியிருக்கும். தூணும் சட்டமும் வாட்டசாட்டமாக இருந்திருக்கும், அவற்றைப் பார்த்தவர் எல்லாரும் பலமான கட்டடம் என்றிருப்பார்கள். காற்று வரும்வரைக்கும் அது நின்றிருக்கும்.

இங்கிலாந்தில் யோர்க்ஷயரில், பெரிபிரிட்ஜ் மின்நிலையத்தில், 1965 நவம்பர் 1 ஆம் திகதி காற்றில் மூன்று குளிரூட்டும் கோபுரங்கள் சரிந்தன. எட்டுக் கோபுரங்கள் கூட்டமாக நின்றன. ஒவ்வொன்றும் 114 மீற்றர் உயரம், இடுப்பு ஒடுங்கிய கொங்கிறீற் ஓடு, அழகான வளைவு. வடிவமைப்பில் எடுத்தது ஒரு நிமிடச் சராசரிக் காற்று. சில செக்கன் மட்டும் அடித்துப்போகும் வீச்சைக் கணக்கில் சேர்க்கவில்லை. முன்வரிசைக் கோபுரங்களுக்கு இடையால் புகுந்த காற்று பின்வரிசையில் இன்னும் மோசமாக அடித்தது, விழுந்தவை பின்வரிசைதான். விழுந்த விதம்தான் எனக்கு முக்கியம். காற்றுப்பக்கத்து ஓட்டை மேலே இழுத்த விசை, அந்த ஓட்டின் சொந்த எடையை மிஞ்சிவிட்டது. இரண்டு பெரிய எண்களுக்கு இடையிலுள்ள சின்ன வித்தியாசத்தில் அந்தக் கோபுரங்கள் நின்றிருந்தன. ஒன்று கொஞ்சம் கூடினாலே வித்தியாசம் பல மடங்காகிவிடும். நூற்றுப் பதினாலு மீற்றர்க் கொங்கிறீற்றுக்கும் எங்கள் தகரத்துக்கும் கணக்கு ஒன்றுதான். புதிதாக வருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் இதை நான் சொல்லிவைப்பதுண்டு.

கணினியை முழுதாக நம்பியதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் அரங்கு. 1978 ஜனவரி 18 விடியப்புறம் பனிப்பாரத்தில் கூரை விழுந்தது. சில மணித்தியாலத்துக்கு முன் ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடைப்பந்தாட்டம் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கூரையின் சொந்த எடையைக் குறைத்து மதிப்பிட்டது அங்கே கண்ட பிழைகளில் ஒன்று.

வில்லை எத்தனை நேர்த்துண்டாக உடைப்பது என்றும் என்னிடம் கேட்பார்கள். நாலு துண்டாக உடைத்தாலும் நீளம் 21.94 மீற்றர் வரும், உண்மையான 22.07 க்குக் கிட்டத்தான். அதைப் பார்த்து நாலு போதும் என்று நினைக்கக்கூடாது. நாலு துண்டில் நேர்கோடு உண்மையான வளைவிலிருந்து நடுவில் 26 சென்ரிமீற்றர் விலகி நிற்கும். வில்லுக்குள் ஓடும் பெரிய நெடுக்கு விசை அந்த 26 சென்ரிமீற்றரால் பெருகி, இல்லாத வளைவுத் திருப்பத்தைத் திரையில் காட்டும், இருக்கிறதை மறைக்கவும் செய்யும். பன்னிரண்டு துண்டில் விலகல் மூன்று சென்ரிமீற்றருக்குள் வந்துவிடும். அந்த மண்டபத்துக்குப் பன்னிரண்டுதான் எடுத்தோம், பேர்லின் வருகிற இடமெல்லாம் ஒரு கணு.

சுமையை வாங்கிச் சட்டத்துக்குக் கொடுப்பதற்காக மட்டும் போடும் பலகத்துக்கு விறைப்புக் கொடுக்கக்கூடாது. இதில் நான் கண்டிப்பு. தகரத்தை உண்மையான ஓடாக மாதிரியில் சேர்த்தால் கணினி அதைச் சுவர்போல நம்பி, சட்டத்தின் வேலையில் பாதியை அதற்குப் பிரித்துக் கொடுத்துவிடும். அரை மில்லிமீற்றர்த் தகரமும் அதைப் பிடித்திருக்கும் திருகாணியும் அந்த வேலையைச் செய்யாது. அதேபோல் சுமை ஒருவழியாகப் பேர்லினுக்குப் போகிறதா, இருவழியாகப் பிரிந்து பாதி நேரே சட்டத்துக்குப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தகரம் பேர்லினிலிருந்து பேர்லினுக்குத்தான் பாயும். இருவழி என்று விட்டுவிட்டால் பேர்லின் மெலிந்துபோகும். புயலில் முதலில் போவது பெரும்பாலும் தகரத்தையும் பேர்லினையும் பிடித்திருக்கும் இடங்கள்தான்.

ஒரு பக்கம் மட்டும் வளைந்த கூரை என்றால் ஒவ்வொரு பலகத்தின் நாலு மூலையும் ஒரே தளத்தில் இருக்கும். குதிரைச் சேணம்போல இரண்டு பக்கம் முறுகிய கூரையில் இருக்காது. சமனில்லாத நிலத்தில் நாலுகால் கதிரை ஆடுவதுபோல நாலாவது மூலை தளத்தை விட்டு எழும்பி நிற்கும். சில மென்பொருள்கள் அந்தப் பலகத்தின் சுமையை ஏற்காமல் விட்டுவிடும், எச்சரிக்கை எங்கேயோ நூறாவது வரியில் இருக்கும். முக்காலி எந்த நிலத்திலும் ஆடாது. அதனால் அப்படியான கூரையை முக்கோணமாக உடைத்துவிடச் சொல்வேன்.

எங்கள் மண்டபத்துக்குத் திரும்பி வருகிறேன். அத்திவாரம் வெட்டும்போது அங்கே மர வேலைக்கு வந்தவர் ஒரு ஓடாவியார். அப்பாவோடு படகு கட்டியவர், எனக்குப் பெரியப்பா முறை. எழுபதைத் தாண்டியும் மட்டக்கோல் பார்க்கக் கண்ணாடி போடாதவர். வரைபடத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, திருப்பிப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, உவ்வளவு பெரிய கூரைக்கு எங்க கல்லு வைக்கப் போறியள்?"

நான் பதில் சொல்லாமல் அவரைக் கிடங்கடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல் இதற்குள்தான் பெரியப்பா என்றேன். ஆறு தொன்னைப் பிடித்து வைக்க வேண்டும். கொங்கிறீற் ஒரு கனமீற்றர் 24 கிலோ நியூட்டன். 60 ஐ 24 ஆல் வகுத்தால் இரண்டரைக் கனமீற்றர் வேண்டும், ஒவ்வொரு காலுக்கும். தூணின் எடையும் அத்திவாரத்தின் மேல் மூடும் மண்ணின் எடையும் சேர்ந்து கொஞ்சம் உதவும்.

அவர் கிடங்கின் அடியைப் பார்த்தார். சித்திரை மாதம். மணல் காய்ந்து வெளிறிக் கிடந்தது.

"கார்த்திகையில இதில தண்ணி நிக்குமே. தண்ணிக்குள்ள கல்லுப் பாரம் குறையுமெல்லோ?"

நான் நின்ற இடத்தில் அப்படியே நின்றேன். அவர் சொன்னது முழுதும் சரி. இந்தக் கரையோர மணலில் மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். புயல் வருவதும் அதே மாரியில்தான். தண்ணீருக்குள் மூழ்கிய கொங்கிறீற் தன் எடையில் கனமீற்றருக்குப் பத்து கிலோ நியூட்டனை இழக்கும். 24 என்று நினைத்தது 14 ஆகிவிடும். மேல் மண்ணின் எடை பாதியாகிவிடும். நான் அத்திவாரத்தை உலர்ந்த நிலத்துக்குக் கணக்குப் பார்த்திருந்தேன். கணினியில் காற்றின் திசையைப் பலகம் பலகமாகச் சரிபார்த்தவன், அந்தக் காற்று எந்த மாதத்தில் வரும் என்று யோசிக்கவில்லை. படகு கட்டினவருக்குத் தண்ணீருக்குள் பாரம் குறைவது கையில் இருக்கிற அறிவு.

அன்றிரவே திரும்பக் கணக்குப் பார்த்தேன். அத்திவாரங்களை அகலப்படுத்தி, கால்களைக் கட்டி இணைக்கும் நிலத் தீராந்தியை முழுச் சுற்றுக்கும் கொண்டுபோய், அதன் எடையையும் சேர்த்துப் பிடிக்க வைத்தோம். செலவு கூடியது. பணம் கொடுத்தவர்களுக்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. கூரைக்கு அத்திவாரத்தில் ஏன் இவ்வளவு கொங்கிறீற் என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். அம்மாவின் கொட்டில் தகரத்தில் இருந்த கல்லைப் பற்றி ஒரு பந்தி எழுதி, கீழே எண்களையும் எழுதி அனுப்பினேன். ஒப்புக்கொண்டார்கள்.

2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்குத் தெற்கே, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறியது. மணிக்கு 80, 90 கிலோமீற்றர்க் காற்று. எங்கள் வடிவமைப்பு வேகமான செக்கனுக்கு 49 மீற்றர் என்பது மணிக்கு 176. வேகம் பாதியென்றால் அழுத்தம் கால்வாசி. எண்ணாகப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரவு முழுக்க நித்திரை இல்லை. தகரம் அடிக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்த மண்டபத்தின் கடல்பக்கக் கதவைத்தான் நினைத்தேன். அந்தக் கதவு பிய்ந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கூரையைத் தள்ளும், நாங்கள் சேர்த்த 0.2 அப்போது போதாது.

விடிந்து மழை ஓய்ந்தவுடன் போனேன். வீதியில் முழங்கால் தண்ணீர், மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது. கதவு இருந்தது. கூரை இருந்தது. முகட்டு ஓரத்தில் மூடு தகரம் ஒன்று நெளிந்து தொங்கியது. ஓடாவிப் பெரியப்பா எனக்கு முன்னமே வந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தூணடியில் குந்தியிருந்தார். கையில் ஸ்பானர். எட்டுச் சட்டம், பதினாறு கால், காலுக்கு நாலாக அறுபத்துநாலு போல்ற். நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகத் தொடங்கினோம். கடல்பக்கத்து மூலைக்காலில் இரண்டு நட் கையாலேயே திரும்பின. இறுக்கி, மேலே இன்னொரு நட் போட்டுப் பூட்டினோம். முடிய மத்தியானமாகிவிட்டது. அத்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் சாண் உயரத்துக்கு நின்றது. அவர் அதற்குள் கையை விட்டு, கொங்கிறீற்றின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு எழும்பினார்.